அவர் சொன்னதும் நான் எழுதியதும்

ஆகஸ்ட் 6, புதன்

அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். இரண்டாம் வருஷத்துக்காரர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மாணவர் குழுவில் சேர்ந்து நாற்பது மணி நேரம் வேலை செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. நாடகக் குழு, விவாதக் குழு, வரவேற்புக் குழு, ரத்ததான முகாம். எல்லாவற்றுக்கும் வாய் வேண்டும். எனக்கு அதுதானே இல்லை. வருகைப் பதிவில் 'உள்ளேன்' சொல்வதற்கே மூன்று நம்பர் முன்னாலிருந்து தொண்டையைச் செருமித் தயாராகிற ஆள் நான்.

பட்டியலின் அடியில் 'ஸ்க்ரைப் குழு' என்று ஒன்று இருந்தது. பார்வையில்லாத மாணவர்கள் பரீட்சையில் பதில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிற வேலை. பேச வேண்டாம், எழுதினால் போதும். உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் நாள் முழுக்கப் பேசிப் பேசி அவளுக்கு என்னைப் பார்த்தால் பொறாமை. "உனக்குன்னே கண்டுபிடிச்ச வேலைடி. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா சர்டிபிகேட் தராங்க" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

பயிற்சி. குழுவை நடத்துவது நூலகர் மேடம். ஒரே விதியைத்தான் ஒரு மணி நேரம் விதவிதமாகச் சொன்னார். சொன்னதை எழுத வேண்டும். சொல்லாததை எழுதக் கூடாது. தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். இதனால்தான் வேறு துறை மாணவர்களை மட்டும் எடுக்கிறார்களாம். "மூளையை வாசல்ல செருப்போட விட்டுட்டு வாங்க. எனக்குக் காதும் கையும் போதும்."

ஒரு எழுத்து மாற்றியது தெரிந்தால்கூட எழுதியவரை விட்டுவிட்டு அந்த மாணவரின் தாளைத்தான் ரத்து செய்வார்களாம். பேசாமல் ரத்ததான முகாமுக்கே போயிருக்கலாமோ?

செப்டம்பர் 10, புதன்

எனக்கு ஒதுக்கியிருப்பது மூன்றாம் வருஷப் புவியியல் மாணவர் ஒருவரை. கல்லூரி முழுக்க 'ரேடியோ' என்று கூப்பிடுகிறார்கள், அப்படி ஒரு குரல். நான் ரேடியோ அண்ணா என்கிறேன். என் பெயரைக் கேட்டார், சொன்னேன், காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். "சரி விடு, என்ன துறை?" வேதியியல் என்றேன். அன்றிலிருந்து நான் 'கெமிஸ்ட்ரி'.

வாரம் இரண்டு நாள் பழகுகிறோம். அவர் வேகமாகச் சொல்வார், பாதி வாக்கியத்தில் மனசு மாறுவார், "அதை அடி, முதல்ல இருந்து" என்பார். முற்றுப்புள்ளிக்கு மேஜையில் ஒரு தட்டு, புதுப் பத்திக்கு இரண்டு தட்டு. என் கை வலிக்கிறது என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. "மூச்சு விடற சத்தம் மாறுது, கெமிஸ்ட்ரி. தண்ணி குடி."

மேல்படிப்புக்கு ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைத்தான் குறி வைத்திருக்கிறார். அங்கே மட்டும்தான் புடைப்பு வரைபடங்களை வைத்துத் தனியாகப் பாடம் நடத்துகிறார்களாம், கையால் தடவிப் பார்த்துப் படிக்கிறவை. எல்லா முக்கியப் பாடத்திலும் அறுபது வேண்டும். இது வரைக்கும் இருக்கிறதாம். மிச்சம் இருப்பது இந்தப் பருவத்தின் காலநிலைப் பாடம்தான்.

அப்படியென்றால் அது என் கையிலும் இருக்கிறது. ஐயோ.

அக்டோபர் 22, புதன்

மாதிரித் தேர்வு. ஒரு பிழைகூட இல்லையாம். நூலகர் மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். தலை குனிந்தே இருந்தேன், ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூணு பஸ் போயிடுச்சு. ஏறல.

என்ன பண்ணினேன் நான்?

முறையாக எழுதுகிறேன். தனி அறை. நான், ரேடியோ அண்ணா, மேற்பார்வைக்கு ஒரு கணக்கு ஆசிரியர். அவர் ஜன்னலோரம் ஏதோ கட்டப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஏழாவது கேள்வி, ஐந்து மதிப்பெண். கடற்காற்று, நிலக்காற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பகலில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வரும், இரவில் திரும்பிப் போகும்.

அவர் மாற்றிச் சொன்னார். "பகலில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது." ஒரு தட்டு. காரணத்தையும் அதற்கேற்பத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே போனார். என் கை 'கடலிலிருந்து நிலத்தை நோக்கி' என்று எழுதியது. இரவுக்கும் அப்படியே. காரணத்தையும் நேராக்கி. யோசிக்கவே இல்லை. எழுதி முடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதியிருக்கலாம். ஆனால் அவர் எட்டாவது கேள்விக்குப் போய்விட்டார், நான் பின்னாலேயே ஓடினேன்.

இதுகூடப் பரவாயில்லை. கடைசி இருபது நிமிஷம் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். ஏழாவது வந்தது. தாளில் இருந்ததைப் படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்ன தப்பை ஞாபகத்திலிருந்து படித்தேன். குரல்கூட நடுங்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். "ம், அடுத்தது."

எழுதியது கைதவறுதல் என்று சொல்லிக்கலாம். படிச்சது?

வெளியே வந்ததும் கையைக் கொடுத்தார். "உன் கை தங்கக் கை, கெமிஸ்ட்ரி."

நவம்பர் 12, புதன்

சாப்பிட முடியவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 19, புதன்

எங்கள் வகுப்பில் ஒலிபெருக்கி கரகரத்தாலே உடம்பு தூக்கிப் போடுகிறது. இன்று 'தேர்வு அலுவலகத்துக்கு உடனே வரவும்' என்றதும் ஆய்வகத்தில் கையிலிருந்த பியூரெட் கண்ணாடிக் குழாய் விழுந்து சுக்குநூறு. யாரோ அடையாள அட்டையைத் தொலைத்திருக்கிறார்கள், அதற்குத்தான் அறிவிப்பு. ஆய்வக உதவியாளர் கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே, "கனவு கண்டுக்கிட்டே வேலை செய்யாதம்மா" என்றார்.

கனவு இல்லை அண்ணே.

டிசம்பர் 3, புதன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரிய வழியே இல்லை. கணக்கு ஆசிரியர் கவனிக்கவில்லை. திருத்துகிறவர் தாளில் சரியான பதிலைத்தான் பார்ப்பார். ரேடியோ அண்ணாவால் தாளைப் படிக்க முடியாது. இந்தக் கடைசிக் காரணத்தை எழுதும்போது கை கூசுகிறது. அவருக்குக் கண் தெரியாது என்பதுதான் எனக்குப் பாதுகாப்பா? நான் எப்போது இப்படி ஆனேன்?

ஜனவரி 20, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. காலநிலையில் அவருக்கு 62.

ஐந்தைக் கழித்தால் 57. அறுபது வேண்டும்.

போனில் கூப்பிட்டு அவரே சொன்னார். பின்னால் அவருடைய அம்மா ஏதோ சொல்வது கேட்டது. "எங்கம்மா உனக்குப் புடவை எடுத்துத் தரணும்னு சொல்றாங்க" என்று சிரித்தார். நான் என்ன சொன்னேன் என்றே ஞாபகமில்லை. நல்லது நடந்திருக்கிறது. அவருக்குச் சீட்டு கிடைத்துவிடும். அவருக்குத் தெரியாத பாடமும் இல்லை அது. அப்போ எதுக்கு எனக்குச் சந்தோஷமே வரல?

ஜனவரி 22, வியாழன்

கேண்டீனில் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவருடைய வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்து மேஜையில். மெதுவாகப் பேசுவதாக நினைப்பு. "ரேடியோவுக்கு அறுபத்திரண்டாம்டா." "எழுதின பொண்ணு கெமிஸ்ட்ரில முதல் ரேங்க். பின்ன வராதா?"

அண்ணா சத்தமாகச் சிரித்தார். "டேய், அவளுக்குக் காலநிலைன்னா குடை எடுக்கறதா வேணாமான்னு பாக்கறதுதான்." அவர்களும் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். அவர் டீயைக் குடிக்கவில்லை. ஆறிப்போகும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"மூணு வருஷமா இதான். நல்ல மார்க் வந்தா எழுதினவங்க வாங்கினது. கம்மியா வந்தா நான் வாங்கினது."

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கோழை. கோழை. கோழை.

ஜனவரி 28, புதன்

சொல்லிவிட்டேன்.

நூலகத்தில் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிற சின்ன அறையில். கதவைச் சாத்தினேன். ஆறு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றுமே வரவில்லை. "அண்ணா, ஏழாவது கேள்வி" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருப்பிப் படித்ததையும்.

அவர் கையிலிருந்த கோலை மேஜை மேல் வைத்தார்.

"பகல்ல கடல்லேர்ந்துதான் வரும்னு எனக்குத் தெரியும். வாய் தவறியிருக்கு."

"தெரியும்ணா. அதனாலதான்..."

"நீ படிச்சப்பவும் நான் கவனிக்கல. அது என் தப்பு. அதை நீ ஏன் எடுத்த?"

மன்னிச்சுடுங்க என்றேன். பத்து தடவை சொல்லியிருப்பேன்.

"இப்ப சொல்லிட்ட. இனிமே உனக்குத் தூக்கம் வரும். எனக்கு?" கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவு எங்கே என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் கைப்பிடி கிடைக்காமல் தடவினார். உதவலாம் என்று எழுந்தேன். "வேணாம்" என்றார்.

ஜனவரி 29, வியாழன்

அவர் சொன்னது நிஜம். பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன். அவர் பேசாமல் இருந்துவிட்டால் சீட்டு உண்டு. வாழ்நாள் முழுக்க அந்த ஐந்து மதிப்பெண்ணும் உண்டு.

எனக்கும் தூக்கம் வரல.

பிப்ரவரி 2, திங்கள்

நூலகர் மேடம் என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கடிதம், தட்டச்சு செய்தது. ரேடியோ அண்ணா கொடுத்தது. ஏழாவது பதில் தான் சொன்னது இல்லை என்றும், அதற்குரிய மதிப்பெண்ணை எடுத்துவிடும்படியும் தேர்வு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு குறையும் இல்லை. 'எழுதியவர் தானாகவே வந்து என்னிடம் தெரிவித்தார்' என்று ஒரு வரி மட்டும்.

மேடம் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை விசாரணை. வீட்ல சொல்லிட்டு வா."

வீட்டில் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 5, வியாழன்

நீள மேஜை. தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி, துணை முதல்வர், நூலகர் மேடம். ரேடியோ அண்ணா அந்தப் பக்கக் கடைசி நாற்காலியில். என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

அதிகாரி கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு உயிர் போய்விட்டது. "ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா? தெரியாதது வந்தா நீயே எழுதிடுன்னு?"

நான் எனக்காகத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். இப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைக்கவே இல்லை. 'ஆமாம்' என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால் அண்ணாவின் மூன்று வருஷத் தாள்களும் சந்தேகத்துக்குள் போய்விடும். நான் பேச வேண்டும். இப்போதே. மேடம் தண்ணீர் நகர்த்தி வைத்தார். குடித்தேன், பாதி துப்பட்டாவில் கொட்டியது.

"இல்ல சார். அவர் தப்பாத்தான் சொன்னார். தெளிவா, சத்தமா, தப்பா சொன்னார். நான் கேக்காம மாத்தினேன். திருப்பிப் படிக்கும்போது தாள்ல இல்லாததைப் படிச்சு அவரை ஏமாத்தினேன். மத்த பதிலையெல்லாம் அவர்கிட்ட இப்பவே கேளுங்க. எதை வேணும்னாலும் கேளுங்க."

கேட்டார்கள். புவியியல் ஆசிரியரை வரவழைத்து, நாற்பது நிமிஷம். அண்ணா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், நான் எழுதிய அதே வரிசையில், சில இடத்தில் அதே வார்த்தையில்.

பிப்ரவரி 11, புதன்

தாள் ரத்து இல்லை. ஐந்து மதிப்பெண் குறைப்பு. 57.

விண்ணப்பக் கடைசி நாள் இம்மாதம் 28. மறுதேர்வு ஜூனில்தான். அண்ணாவுக்கு ஒரு வருஷம் போயிற்று.

எனக்கு இந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஸ்க்ரைப்பாகத் தேர்வெழுதத் தடை, வீட்டுக்கு ஒரு கடிதம். அவ்வளவுதான். அவருக்கு ஒரு வருஷம், எனக்கு ஒரு கடிதம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடிக் குழிக்குள் தொங்கி வேலை செய்துவிட்டு வந்தவர், கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். கத்துவார் என்று பார்த்தேன். "அந்தப் பையன் இப்ப என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் சாப்பிடப் போய்விட்டார்.

மார்ச் 4, புதன்

என்னுடைய நாற்பது மணி நேரம் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் நூலகத்துக்குப் போகிறேன். ஸ்க்ரைப்பாக எழுதத்தான் தடை. புத்தகம் படித்துப் பதிவு செய்ய ஆளில்லை. மேடம், "உனக்குத்தான் பேசறதுன்னாலே ஆகாதே" என்றார். பரவாயில்லை மேடம் என்றேன். முதல் பக்கத்தை ஒன்பது தடவை படித்தேன். என் குரலைக் கேட்டால் எனக்கே அழுகை வருகிறது, மூக்கடைத்த மாதிரி.

ஏப்ரல் 17, வெள்ளி

மாடிப்படியில் அண்ணா எதிரே வந்தார். நான் நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டேன், கேட்டுவிடக் கூடாதே என்று. அவர் தாண்டிப் போய்விட்டார்.

ஜூலை 8, புதன்

அண்ணா ஜூன் மறுதேர்வில் 71 வாங்கியிருக்கிறார், மேடம் சொன்னார். இப்போது ஒரு தொலைபேசி சேவை மையத்தில் வேலை. அடுத்த வருஷம் விண்ணப்பிப்பாராம். எழுபத்தொன்று. முதலிலேயே அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் இதே 71 மறுதேர்வில் வந்திருக்குமா, அப்போதும் வருஷம் போயிருக்குமா? எத்தனை முறை போட்டாலும் இந்தக் கணக்கு விடை தருவதில்லை.

பதினான்கு புத்தகம் பதிவு செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, புதன்

இதை நான்தான் செய்தேனா?

ஸ்க்ரைப் வைத்து எழுதுகிற ஒவ்வொரு அறையிலும் ஒலிப்பதிவுக் கருவி வைக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி மேடத்திடம் கொடுத்திருந்தேன். அவர் போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். "எழுதினவதான் பேசணும்" என்று கழற்றிவிட்டார். கல்விக் குழுவில் ஒன்பது பேர். இன்று அவர்கள் முன்னால் நானே நின்று பேசினேன்.

ஒரு பேராசிரியர் கேட்டார், "மாணவர்கள் மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லையா?"

"என் மேலயே எனக்கு இல்ல சார். அதான் கேக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அடுத்த தேர்விலிருந்து வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 20, செவ்வாய்

தெரியாத நம்பர். இன்னமும் தெரியாத நம்பர் என்றால் பயம்தான். எடுத்தேன். முதல் வருஷம், உளவியல், பார்வையில்லாத பெண். படபடவென்று பேசுகிறாள். தன் ஸ்க்ரைப்பாக என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

தடை முடிந்துவிட்டது. ஆனாலும் நான் பெயர் கொடுக்கவில்லையே. "என்னைப் பத்தி விசாரிச்சியாம்மா? நான் ஒரு தடவை..."

"தெரியும்க்கா. எங்க ஸ்கூல் சீனியர் ரேடியோ அண்ணாகிட்டதான் கேட்டேன். அவர்தான் உங்க பேரைச் சொன்னாரு."

"என்ன சொன்னார்?"

"சரியான பயந்தாங்கொள்ளி, ஆனா எதையும் மறைச்சு வெச்சுக்க மாட்டான்னாரு."

போனை வைத்த பிறகு அம்மா வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். ஜலதோஷம் என்றேன்.

நவம்பர் 12, வியாழன்

முதல் தேர்வு முடிந்தது. மேஜை மேல் பதிவுக் கருவி, சின்னச் சிவப்பு விளக்கு. அவளுக்கும் பயம், பென்சில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள்.

நான்காவது கேள்வி, மூன்று மதிப்பெண். "மூளையின் இடது பாதி உடம்பின் இடது பக்கத்தை இயக்குகிறது" என்றாள். வலது பக்கம். எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். என் பேனா ஒரு நொடி நின்றது. 'இடது' என்று எழுதினேன். அதைவிடக் கனமான வார்த்தையை நான் எழுதியதில்லை.

கடைசியில் திருப்பிப் படித்தேன். அந்த வரி வந்ததும் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, இது சரிதானா?"

கருவி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது இல்லாவிட்டாலும் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிறேன். இதையே செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்ம்மா."

கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அப்படியே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன், அது தப்பு என்று. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப உள்ளயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மூணு மார்க் போச்சுக்கா." சொல்லியிருக்கக் கூடாது என்று விளக்கப் பார்த்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. பஸ் வந்ததும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிவிட்டாள். அவ்வளவுதான், இனி என் பக்கமே வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஆறு மணிக்கு அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி. இன்னும் முறைப்பாகத்தான் பேசுகிறாள். "அடுத்த வியாழக்கிழமை பேப்பருக்கும் நீங்கதான் வரணும். ஒன்பதேகாலுக்கு. லேட் பண்ணாதீங்க."

ஒன்பதுக்கே போய்விடுவேன்.